காய்ச்சல்காரர் வீடு

கிளாராவின் வீட்டில் கண்ணாடி டம்ளர் கிடையாது. பீங்கான் தட்டோ பூச்சாடியோ கிடையாது. கூடத்தில் மாட்டியிருக்கும் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் தாள்தான் போட்டிருக்கிறாள். கல்யாணமான புதிதில் அவளுடைய கணவன் பிரைட்டன் ஆசையாகப் பீங்கான் கோப்பைகள் வாங்கி வந்தான். "நல்லா இருக்கு" என்று மனதாரச் சொல்லி வாங்கிய கிளாரா, ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். அவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பிரைட்டன் எவர்சில்வர் டம்ளரில் சாயா குடித்து உதடு காய்த்துப்போனவன்.

பிரைட்டனுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். குடிக்கமாட்டான். பெண் பார்க்க வந்த அன்று வெட்கமில்லாமல் இரண்டாவது சாயா கேட்டான். அந்த ஒரு காரணத்துக்காகவே கிளாரா சம்மதம் சொன்னாள். ஆனாலும் இன்றுவரை முழுச் சான்றிதழ் கொடுத்துவிடவில்லை. ஸ்கூட்டர் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கொஞ்சம் மாறினால் அடுக்களையிலிருந்து தலை எட்டிப்பார்க்கும். ஒருமுறை இருமல் மருந்து குடித்துவிட்டு வந்தவனை வாயை ஊதச் சொல்லி, பாட்டிலின் ஒட்டுத்தாளை முழுக்க வாசித்த பிறகே சோறு போட்டாள்.

அருமனை சந்திப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளி அவளுக்கு ஒரு தையல்கடை. மெஷினில் குனிந்திருக்கும்போது சாலையில் போகிறவர்களைப் பார்க்க அவளுக்குக் கண் வேண்டாம். செருப்பு இழுபடுகிற விதத்தையும், இரண்டு அடிகளுக்கு நடுவே விழுகிற இடைவெளியையும் வைத்துக் காது சொல்லிவிடும். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள். தைக்கக் கொடுத்தவள் சதை போட்டுவிட்டு வந்து ஜாக்கெட் சிறிதாகிவிட்டது என்றால், "எனக்க தப்புதான்" என்று சொல்லி இலவசமாகப் பிரித்துக் கொடுப்பாள். யாருடைய முகம் சுருங்கினாலும் அது தன்னால்தான் என்று நினைக்கிற ஒரு வியாதி அவளுக்கு உண்டு. கைப்பையில் எப்போதும் ஒரு எலுமிச்சம்பழம் கிடக்கும். அது எதற்கு என்று பிரைட்டன் கேட்டதில்லை. அவன் எதையும் கேட்கிற ஆளில்லை.

எலுமிச்சம்பழம் அவளுடைய அப்பா ஞானதாசனுக்கானது. அவர் இறந்து வருடங்கள் ஓடிவிட்டன. பழம் மட்டும் வாராவாரம் மாறிக்கொண்டிருக்கிறது.

ஞானதாசன் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரர். விடியுமுன் போனால் உச்சிக்குள் வேலை முடிந்துவிடும். அந்த வேலையின் தீமையே அதுதான். மீதிப் பகல் முழுவதும் ஒரு மனிதனின் கையில் சும்மா கிடக்கும். காலை ஞானதாசனைப்போல ஒரு அப்பாவைப் பார்க்க முடியாது. கோயில் பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடிக்கொண்டு மகளுக்குத் தலை பின்னிவிடுவார். ஒரு சடை தெற்கே பார்க்கும், ஒன்று வடக்கே பார்க்கும். கிளாரா அதை அவிழ்க்காமலே பள்ளிக்கூடம் போவாள். சாயங்கால ஞானதாசனுக்கு இந்தச் சடைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் வேறு ஆள்.

அந்த வேறு ஆளின் வரவைக் கிளாராவும் தம்பி லிபினும் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சைக்கிள் பலாமரத்தில் ஒழுங்காகச் சாய்ந்தால் தூறல். சைக்கிள் விழுந்தால் மழை. சைக்கிள் இல்லாமல் ஆள் மட்டும் வந்தால் இடி. லிபின் பாயில் படுத்துக்கொண்டு, "அக்கா, தூறலா மழையா?" என்று கேட்பான். கிளாரா காதைக் கதவில் வைத்துச் சொல்லுவாள். வானிலை அறிக்கை தப்பியதே இல்லை.

இடி என்றால் மூன்று பேருக்கும் மூன்று வேலை. அம்மா லில்லிபாய் உடைகிற சாமான்களை விறகுப்புரைக்குக் கடத்திவிட்டு, போதை தெளிய மோர் கலக்குவாள். கிளாரா கத்தியையும் அரிவாளையும் சைக்கிள் சாவியையும் ஒளித்துவிட்டு எலுமிச்சம்பழம் பிழிவாள். அப்பாவைச் சிரிக்கவைப்பது லிபினின் வேலை. பங்குச்சாமியார் பிரசங்கம் செய்கிற மாதிரி அவன் கையைத் தூக்கி இழுத்து இழுத்துப் பேசினால் ஞானதாசன் சிரித்துவிடுவார். சிரித்துவிட்டால் அந்த நாள் தப்பித்தது. பல்லே சரியாக முளைக்காத வயதில் லிபின் இந்த உத்தியோகத்தில் சேர்ந்தான்.

ஒளிக்கிற இடம்தான் பெரிய பாடு. அரிசிப் பானையில் வைத்தால் கண்டுபிடித்துவிடுவார். விறகுக்கு அடியிலும் தப்பவில்லை. கடைசியில் லில்லிபாய் ஒரு நாள் அவசரத்தில் கத்தியை அடைக்கோழிக்கு அடியில் சொருகினாள். ஞானதாசன் கையை விட்டார். முட்டைமேல் உட்கார்ந்திருக்கும் கோழிக்குக் குடிகாரன், குடிக்காதவன் என்ற பேதம் தெரியாது. கொத்திய கொத்தில் அவர் கையை உதறிக்கொண்டு வாழை மரத்து மூட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு, ஊரையே சண்டைக்கு இழுக்கிற அந்த மனிதர் கோழிக்கூட்டை மட்டும் மரியாதையாகச் சுற்றிப் போனார்.

அன்றிலிருந்து இன்றுவரை அந்த வீட்டில் அடைக்கோழி இல்லாத நாளில்லை. மற்ற வீடுகளில் கோழி அடைக்கு உட்கார்ந்தால் தண்ணீரில் முக்கி எடுத்துத் தெளியவைப்பார்கள். லில்லிபாய் அப்படிப்பட்ட கோழியை எங்கே கேள்விப்பட்டாலும் போய்க் கேட்டு வாங்கி வருவாள். முட்டை தீர்ந்தால் வாத்து முட்டை. அதுவும் இல்லாவிட்டால் ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல். பாவம், எத்தனையோ கோழிகள் அந்த வீட்டில் கல்லை அடைகாத்துக் காலம் கழித்திருக்கின்றன.

வெளியே சொல்லுவதற்கு அவர்களிடம் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அப்பா ஏன் கோயிலுக்கு வரவில்லை, காய்ச்சல். ஏன் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட வரவில்லை, காய்ச்சல். ஒரு மனிதனுக்கு இத்தனை காய்ச்சல் வருகிறதே என்று டீச்சர் கவலைப்பட்டு யாரிடமோ சொல்ல, மலேரியாக்காரர் பை தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். பலாமரத்தடியில் உருண்டு கிடந்த ஞானதாசனுக்கும் குத்தினார். அவருக்குக் குத்தியதே தெரியவில்லை. "ரொம்ப முத்திப்போன காய்ச்சல்" என்று மலேரியாக்காரர் வருத்தப்பட்டு வீடு முழுவதும் மருந்தடித்தார். ரத்தத்தில் ஒன்றும் அகப்படவில்லை. அவர் விடுவதாக இல்லை, மாதாமாதம் வந்து குத்தினார். தெருவில் வழி கேட்கும்போது "அந்தக் காய்ச்சல்காரர் வீடு" என்று அவர் கேட்டுக் கேட்டு, பெயர் நிலைத்துப்போயிற்று. ஊருக்கு உண்மை தெரியும். ஆனால் பெயரில் ஒரு மரியாதை இருந்தது.

கடைசியில் கல்லீரல் போய், ஆஸ்பத்திரியில் வைத்து ஞானதாசன் அடங்கிவிட்டார். அடக்கத்துக்கு வந்த யாரோ ஒரு தூரத்து உறவு, "என்ன செய்தது பிள்ளே?" என்று கேட்டார். கிளாரா அழுதுகொண்டே, "காய்ச்சல்" என்றாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. திருத்த வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் பொழுது சாய்ந்தால் அவளுடைய காது பலாமரத்தடிக்குப் போகும். சைக்கிளை யாரும் சாய்ப்பதில்லை. நிம்மதியாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. அதைப் பற்றிச் சொல்லுவதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. எலுமிச்சம்பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

லிபின் நர்சிங் படித்துவிட்டுக் குவைத்தில் வேலைக்குப் போனான். வார்டில் நோயாளிகள் அவனைக் கண்டாலே சிரிப்பார்கள். யாராவது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் அவனுக்கு உடம்பு பதறும். ஏதாவது தமாஷ் சொல்லி அந்த மௌனத்தை உடைத்தால்தான் மூச்சு வரும். அவனுக்குக் குலசேகரம் பக்கம் ஒரு சம்பந்தம் முடிவாகிற நேரத்தில், "அது குடிகாரன் வீடாக்கும்" என்று யாரோ காதில் போட்டார்கள். சம்பந்தம் நின்றது. லிபின் அதையும் தமாஷாக்கிச் சொன்னான். கிளாரா மட்டும் அன்று கடை திறக்கவில்லை.

பிறகு அவனாகவே ஒரு பெண்ணைச் சொன்னான். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெயர் அஜிஷா. தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் குடும்பம், அப்பா ததேயுஸ் ஆழ்கடலில் மீன் பிடிக்கிற போட்டுக்காரர். லீவு முடிவதற்குள் பேசி முடிக்க வேண்டும். பெண்வீட்டார் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து லில்லிபாயின் வீடு காண வருவதாகச் செய்தி வந்தது. அம்மா ஸ்டெல்லாவும் தாய்மாமன் ஆன்ஸ்லினும் வருவார்கள். அப்பா கடலில் இருக்கிறார், வர வழியில்லை.

அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சபிதா வேலிக்கு மேலே எட்டிப்பார்த்தாள்.

"கடப்புறத்துக்காரங்களாட்டி? அப்ப சாயாக்குப் பதிலா நீ சோடா வாங்கி வை."

"நம்ம வீட்டில கெடந்து குடிச்சது கடப்புறத்துக்காரரா?" என்று கேட்டுவிட்டுக் கிளாரா உள்ளே போய்விட்டாள். கேட்டாளே தவிர, அந்தச் சோடா அவள் மனசில் குமிழி விட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வாழ்க்கையில் ஒரு நாளாவது, ஒரே ஒரு விசேஷமாவது, கெடாமல் முடிய வேண்டும் என்று கிளாரா நேர்ந்துகொண்டாள். அவளுடைய முதல் நற்கருணை கெட்டது. அவளுடைய கல்யாணம் கெட்டது. பந்தியில் ஞானதாசன் சாம்பார் வாளியோடு விழுந்தார். தம்பியுடையதாவது நன்றாக நடக்கட்டும். பிரைட்டனை விட்டுத் தங்கள் வீட்டுப் பீரோவிலிருந்த பீங்கான் கோப்பைகளை எடுத்து வரச் சொன்னாள். பிரைட்டன் நம்ப முடியாமல் ஒருமுறை திருப்பிக் கேட்டான். மேசையில் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, ஏத்தங்காய் சிப்ஸ், நடுவில் லிபின் மார்த்தாண்டத்தில் வாங்கிய பெரிய கேக், அதன் பக்கத்தில் ரிப்பன் கட்டிய கத்தி.

கார் வந்து நின்றது. ஆன்ஸ்லின் முதலில் இறங்கினார். பள்ளிக்கூட வாத்தியார். மலையோரத்தானுக்குப் பெண் கொடுப்பதில் அவருக்கு அரை மனசுதான். இறங்கியதும் கிணற்றை எட்டிப்பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஓட்டில் உடைந்தது எத்தனை என்று உதடு அசைத்தார். பின்னால் ஸ்டெல்லா. கிளாரா அடுக்களையில் சாயா ஆற்றிக்கொண்டு ஒவ்வொரு காலடியாகக் காதில் வாங்கினாள். இரண்டு ஜோடிக் கால்களும் நல்ல கால்கள்.

அப்போது மூன்றாவது கதவு திறந்தது.

ஒரு காலடி அழுத்தமாக விழுந்தது. கொஞ்சம் நிதானம். அடுத்தது அகலமாக, பக்கவாட்டில். மறுபடி நிதானம். ஒரு கை வாசல் தூணைப் பிடிக்கிற சத்தம். கிளாராவின் கையில் சாயா நின்றுவிட்டது. பின்பக்கம் மோர் எடுக்கப் போன லில்லிபாய் திரும்பிப் பார்த்தாள். கூடத்தில் நின்ற லிபினும் தலையைச் சாய்த்து அக்காவைப் பார்த்தான். அவன் உதடு அசைந்தது: "மழையா?"

கிளாரா எட்டிப்பார்த்தாள். நெடுநெடு என்று ஓர் ஆள் கால்களை அகட்டி நின்றார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். வாயில் கிராம்பு போட்டு மென்றுகொண்டிருந்தார். வாடையை மறைக்கக் கிராம்பு மெல்லுவது ஞானதாசன் கண்டுபிடித்தது என்று அவள் நினைத்திருந்தாள். அந்த ஆள் தெருவே கேட்கும்படி, "நான் ததேயுஸ். அஜிஷாக்க அப்பன்" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "மோளே, கொஞ்சம் நாரங்கா வெள்ளம் கிட்டுமா?" என்று கேட்டார்.

குடித்தவர்களிலேயே இவ்வளவு நேர்மையான ஆளைக் கிளாரா பார்த்ததில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

வாசலில் பிரைட்டனிடம் ததேயுஸ் சொல்லிக்கொண்டிருந்தார். "நாப்பது நாளு கடலு, மக்கா. இண்ணு வெளுப்பிலதான் தேங்காப்பட்டணத்தில போட்டு அணைஞ்சுது. தூங்கவும் இல்ல. கரையில கால வச்சா ரெண்டு மூணு நாளு தரை இப்பிடித்தான் கெடந்து ஆடும். பல்லுவலி வேற, கிராம்பை வச்சு அமுக்கிட்டிருக்கேன். எஞ்சின் பக்கத்திலயே இருந்து காதும் அடைச்சுப் போச்சு, நான் சத்தமாட்டா பேசுதேன்?"

"அப்பிடியா மாமா" என்றான் பிரைட்டன். அவன் யார் என்ன சொன்னாலும் அப்படித்தான் சொல்லுவான். இதை அவன் அடுக்களைக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அடுக்களையில் அப்போது கேட்கிற நிலைமையில் யாரும் இல்லை. வருடக்கணக்காக மணி அடிக்காமல் கிடந்த ஒரு தீயணைப்பு நிலையத்தில் மணி அடித்துவிட்டது.

லில்லிபாய் கூடத்துக்கு வந்து, சிரித்த முகத்தோடு, நிரப்பி வைத்த பீங்கான் கோப்பைகளை ஆட்கள் கை நீட்டுமுன்னே அள்ளிக்கொண்டு போனாள். அதே சாயா எவர்சில்வரில் திரும்பி வந்தது. ஆன்ஸ்லின் நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். லிபின் அழைக்காமலே எழுந்து நின்று பங்குச்சாமியார் மாதிரி இழுத்து இழுத்துப் பேச ஆரம்பித்தான். ததேயுஸ் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கச் சிரிக்க லிபின் நிறுத்தவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவன் கால்களுக்குத் தெரியும். கலியாணம் பேச வந்த இடத்தில் மாப்பிள்ளை பிரசங்கம் வைப்பதை ஆன்ஸ்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

கிளாராவின் கைகள் தம்போக்கில் வேலை செய்தன. ரிப்பன் கட்டிய கத்தி மேசையிலிருந்து காணாமல் போனது. கத்தரிக்கோல் போனது. டி.வி. மேலே ஆன்ஸ்லின் வைத்த கார் சாவி போனது. பிறகு அவள் ததேயுஸிடம் நாரங்கா வெள்ளத்தைக் கொடுத்து, "மாமா, உள்ள கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க" என்று மெல்லத் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனாள். மலையோரத்தில் விருந்தாளியை இப்படித்தான் கவனிப்பார்கள் போலிருக்கிறது என்று ததேயுஸ் நினைத்தார். ஆடாத கட்டிலைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. தலை சாய்ந்ததும் குறட்டை கேட்டது.

"அவரு எங்க போனாரு?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"மாமாவுக்கு லேசா காய்ச்சல், மாமி."

ஸ்டெல்லா பதறி எழுந்தாள். "காய்ச்சலா? வண்டியில நல்லாத்தானே இருந்தாரு? கடல்ல வச்சு ஏதாவது பிடிச்சுதோ?" அவள் ஓடிப்போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "சுடல்லியே."

"உள்ள இருக்கும், மாமி" என்றாள் கிளாரா. அனுபவம் பேசியது.

ஆன்ஸ்லின் எழுந்தார். "அப்ப உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். பேச்சு பெறகு பாக்கலாம். சாவி எங்க?"

சாவி இல்லை. டி.வி. மேலே இல்லை. சட்டைப் பையிலும் காரிலும் இல்லை. எல்லாரும் தேடினார்கள். கிளாராவும் தேடினாள். அவள் நடிக்கவில்லை. எடுத்தது தான்தான் என்று அவளுக்குத் தெரியும். எங்கே வைத்தோம் என்பதுதான் தெரியவில்லை. கை செய்த வேலையைத் தலைக்குச் சொல்லவில்லை. அரிசிப் பானையைக் கிளறினாள், விறகைப் புரட்டினாள்.

"கத்தியும் இல்ல. சாவியும் இல்ல" என்றார் ஆன்ஸ்லின். வகுப்பில் பேனா காணாமல் போனபோது பையன்களைப் பார்ப்பது போல ஒவ்வொருவரையும் பார்த்தார். "சாயாக்கோப்பையும் போச்சு. ஸ்டெல்லா, இது நமக்குச் சரிப்பட்டு வராது. இப்பவே ஆட்டோ பிடிச்சுப் போவோம்."

லிபினின் முகத்திலிருந்து பங்குச்சாமியார் இறங்கிப்போனார். அவனுக்கு ஒரு தமாஷும் வரவில்லை. கிளாராவுக்குத் தம்பியின் அந்த முகம் தெரியும். பாயில் படுத்துக்கொண்டு தூறலா மழையா என்று கேட்கிற முகம். தான் எதைக் காப்பாற்ற நினைத்தாளோ அதைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டது அவளுக்கு விளங்கியது.

சத்தத்தில் ததேயுஸ் எழுந்து வந்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று விஷயத்தைக் கேட்டார். எவர்சில்வர் டம்ளர்களைப் பார்த்தார். கத்தி இல்லாத கேக்கைப் பார்த்தார். தனக்குப் பிழிந்து கொடுத்த நாரங்கா வெள்ளத்தின் காலி டம்ளரைப் பார்த்தார். சுவரில் மாலை போட்ட ஞானதாசன் படத்தை அதிக நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"இந்த வீட்டில அடைக்கோழி உண்டா?"

"அத்தான், நாங்க சாவியத் தேடுதோம். நீங்க கோழியக் கேக்கிய" என்றார் ஆன்ஸ்லின்.

ததேயுஸ் கடலில் நடப்பது போலக் கால்களை அகட்டி அகட்டிப் புறவாசலுக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். கூட்டின் முன்னால் குந்தி, தோளில் கிடந்த துண்டைக் கோழியின் தலையில் போட்டு மூடி, பின்பக்கமாகக் கையை விட்டார். பழகிய கை. கோழி முனகியதே தவிரக் கொத்தவில்லை. முதலில் கார் சாவி வந்தது. அடுத்து ரிப்பன் கட்டிய கத்தி. அடுத்து கத்தரிக்கோல். கடைசியாக இன்னொரு சாவி.

"அது எனக்க ஸ்கூட்டர் சாவி" என்றான் பிரைட்டன். அது காணாமல் போனதே அதுவரை அவனுக்குத் தெரியாது.

வேலிக்கு மேலே சபிதாவின் தலை வந்து நின்றது.

ததேயுஸ் கத்தியைத் துண்டில் துடைத்தார். "எங்க வீட்டிலயும் கோழிக்கடியிலதான் வைப்போம். எங்க அப்பன் ஆருக்கும் பயப்படமாட்டாரு. கோழிக்குப் பயப்படுவாரு." கிளாராவைப் பார்த்தார். "இங்க ஆருக்கு மோளே? அப்பாவுக்கா?"

கிளாராவின் வாய் 'கா' என்று திறந்தது. அந்த வார்த்தை அங்கேயே நின்றது. ஆன்ஸ்லின் நின்றார், ஸ்டெல்லா நின்றாள், வேலியில் சபிதா நின்றாள்.

"அப்பா குடிப்பாரு" என்றாள். அத்தனை வருடத்தில் முதல்முறை. சொன்னதும் இடி ஒன்றும் விழவில்லை. "உங்களுக்க நடையப் பாத்து நீங்களும் குடிச்சிருக்கிய எண்ணு நெனச்சிட்டேன், மாமா. தப்பு எனக்க மேலதான்."

"அப்ப இவருக்குக் காய்ச்சல் இல்லியா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா.

"இல்ல மாமி. கள்ளம் பறைஞ்சேன்."

"எங்க அம்மை காய்ச்சல் எண்ணு சொல்லாது" என்றார் ததேயுஸ். "கடலுக்குப் போயிருக்காரு எண்ணுதான் சொல்லும். வள்ளம் வீட்டுக்கு முன்ன கமந்து கெடக்கும். அதுக்க மேல அப்பனும் கமந்து கெடப்பாரு. கேக்க வந்தவனும் அவரைச் சுத்திப் போய், சரி, வந்ததும் சொல்லு எண்ணு சொல்லிட்டுப் போவான்."

முதலில் சிரித்தது லில்லிபாய். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "மலேரியாக்காரரு வந்தாரு" என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது. மீதியை லிபின் சொன்னான். இந்த முறை அவன் யாரையும் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை. கதையே சிரிப்பாகத்தான் இருந்தது.

"நான் இதுவரை ஒரு துளி நாக்கில வச்சதில்ல, மோளே" என்றார் ததேயுஸ். "தரைதான் ஆடுது. நான் நேராத்தான் நிக்கேன்."

ஆன்ஸ்லின் தொண்டையைக் கனைத்தார். "எல்லாம் சரி அத்தான். ஆனாலும் ஒரு குடிகாரருக்க வீட்டில பெண்ணக் குடுக்கதுக்கு..."

"லே, உனக்க அக்காளை எப்பிடிப்பட்ட வீட்டில தந்தீங்க?"

ஆன்ஸ்லின் யோசித்தார். "அப்ப நான் சின்னப் பையன். என்னை ஆரும் கேக்கல்ல."

"இப்பவும் ஆரும் கேக்கல்ல" என்றாள் ஸ்டெல்லா. "வா, கேக்க வெட்டுவோம். அந்தக் கத்திய மட்டும் நல்லா சோப்புப் போட்டுக் கழுவுங்க."

பீங்கான் கோப்பைகள் விறகுப்புரையிலிருந்து திரும்பி வந்தன. கேக் வெட்டினார்கள். எல்லாரும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கிளாரா தன் பங்கை எடுத்துக்கொண்டு வழக்கம்போல அடுக்களைக் கதவுக்குப் பக்கத்தில், வெளியே ஓட வசதியான இடத்தில், நின்றுகொண்டே தின்றாள். பக்கத்தில் யாரோ நிற்பது போலிருந்தது. திரும்பினால், ததேயுஸும் தட்டை ஏந்திக்கொண்டு அங்கேயே நின்று தின்றுகொண்டிருந்தார்.

"இவரு வீட்டிலயும் இப்பிடித்தான். ஒரு நாளாவது உக்காந்து தின்னதில்ல" என்றாள் ஸ்டெல்லா. "இருபத்தெட்டு வருசமா நானும் சொல்லுதேன்."

கிளாரா அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். இருவரும் உட்காரவில்லை.

நிச்சயத்துக்கு நாள் பார்த்துவிட்டுப் புறப்படும்போது ததேயுஸ் தூணைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அடுத்த தடவை வரும்ப நெய்மீன் கொண்டு வருவேன். கத்திய வெளிய வச்சிரு, மோளே. வெட்டணும்."

கார் போன பிறகு கிளாரா கத்தியைத் துடைத்து அடுக்களை மேடைமேல் வைத்தாள். எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் ஞானதாசனும் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருப்பது காலை ஞானதாசன். "அப்பா, சொல்லிட்டேன், கேட்டியளா" என்றாள் மெதுவாக. அவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வாசலில் பிரைட்டன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு நின்றான்.

"கிளாரா, எனக்க ஸ்கூட்டர் சாவி இப்ப இங்கதான் இருந்துது. பாத்தியா?"

கிளாரா தன் கைகளைப் பார்த்தாள். அவற்றில் ஒரு கோழிச்சிறகு ஒட்டியிருந்தது.

"நீங்க நில்லுங்க" என்றாள். "நான் எடுத்துத் தாறேன். உங்களக் கொத்தும்."